பதினாலாவது ரூல்

"இதுக்கு ஆதாரம் எங்கே சிஸ்டர்?"

சீனியர் சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை பார்த்துக்கொண்டே நர்ஸிங் பட்டப்படிப்பு. அதன் கடைசி ப்ராஜெக்டை மூன்றாவது தடவையாகக் கொடுக்கிறாள். மூன்றாவது தடவையும் அதே இடத்தில் சிவப்புக் கோடு.

'குழந்தைக்கு ஊசி போடும்போது தாயை வெளியே அனுப்பிவிட வேண்டும். தாய் பக்கத்தில் இருந்தால் குழந்தை அதிகம் அழும்.'

"மேடம், நான் இருபது வருஷமா குழந்தைகள் வார்டுல இருக்கேன். எங்க ஆஸ்பத்திரி முழுக்க இப்படித்தான்."

"செய்யறீங்க, சரி. ஏன் செய்யறீங்க? யாராவது பார்த்து, கணக்கெடுத்து எழுதியிருக்காங்களா? அதைத்தான் கேக்கறேன்."

ப்ராஜெக்ட் கைடுக்கு வயசு முப்பதுகூட இருக்காது. சிஸ்டரின் மூத்த மகளைவிட நாலைந்து வயசு கூட இருந்தால் அதிகம். மகள் இந்தத் தொனியில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் பதிலே வேறு.

"வெள்ளிக்கிழமை கடைசி நாள் மேடம். விட்டா இன்னும் ஆறு மாசம் காத்திருக்கணும்."

"அப்ப அந்த வரியை எடுத்துடுங்க. மத்ததெல்லாம் நல்லா இருக்கு."

எடுத்துவிடலாம்தான். ஆனால் இத்தனை வருஷம் செய்ததெல்லாம் தப்பு என்று தானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

"எடுக்க மாட்டேன். ஆதாரத்தைக் கொண்டுவந்து உங்க மேஜை மேல வைக்கறேன்."

அதே எரிச்சலோடு வார்டுக்கு வந்தால், இரண்டாம் கட்டிலில் நாலு வயசுக் குழந்தைக்கு ஊசி நேரம்.

"அம்மா, கொஞ்சம் வெளியே நில்லுங்க."

"ஓரமா இங்கேயே நிக்கறேனே சிஸ்டர். நான் இல்லேன்னா பயந்துடுவா."

"ரூல்மா."

"ஏன் அப்படி ஒரு ரூல்?"

இன்றைக்கு எல்லாரும் சொல்லிவைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்களா என்ன?

"போங்கம்மா, தலைக்கு மேல வேலை கிடக்கு."

கதவு சாத்தப்பட்டது. குழந்தை கதவைப் பார்த்தே கத்தியது. இரண்டு நர்ஸுகள் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்தார்கள். வெளியே அந்தத் தாய் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி நின்றாள்.

சாயங்காலம் சிஸ்டர் நூலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். தேடியதில் கிடைத்த ஆய்வுகள் எல்லாம் நேர்மாறாகச் சொல்லின. அம்மா மடியில் இருந்தால் குழந்தைக்குப் பயம் குறைகிறதாம். ஏட்டுச் சுரைக்காய் என்று முணுமுணுத்து மூடிவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கையேட்டில் பிடித்துவிட்டாள். பதினாலாவது ரூல், அச்சடித்தே இருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டு நேராகக் கைடின் அறைக்குப் போனாள்.

"இது ரூல் சிஸ்டர். ஆதாரம் இல்ல. கையேட்டுல எழுதினவங்களுக்கு இதை யார் சொன்னா?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் விடுகிற ஜாதி இல்லை அவள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'பழைய வார்டு நோட்டுகளிலிருந்து தொகுக்கப்பட்டது' என்று இருந்தது.

ரெக்கார்டு ரூம்காரர் சிரித்தார். "பழைய நோட்டா? கரையான் ஏதாவது மிச்சம் வெச்சிருக்கும், பாருங்க."

ட்யூட்டி முடிந்ததும் இரண்டு நாள் தூசியில் கிடந்து தும்மினாள். வியாழக்கிழமை மத்தியானம், ஒரு நோட்டின் நடுப்பக்கத்தில் அது கிடைத்தது.

'இன்று மூன்றாம் கட்டில் குழந்தைக்கு ஊசி போடும்போது அதன் தாய் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்குவதா, குழந்தையைப் பிடிப்பதா என்று தெரியாமல் திண்டாடினோம். இனிமேல் தாய்மாரை வெளியே அனுப்பிவிட்டு ஊசி போடுவது நல்லது.'

அவ்வளவுதான். ஒரு நாள், ஒரு தாய், ஒரு மயக்கம்.

"என்ன சிஸ்டர், கிடைச்சுதா?" என்றார் ரெக்கார்டு ரூம்காரர்.

அவள் இரும்பு அலமாரியில் சாய்ந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, இரண்டாம் கட்டில் குழந்தையின் தாய் சொல்லாமலே எழுந்து வாசலுக்குப் போனாள்.

"எங்கே போறீங்க? உக்காருங்க. பாப்பாவை மடியில வெச்சுக்கோங்க."

ஜூனியர் நர்ஸ் காதருகே வந்தாள். "சிஸ்டர், ரூல்..."

"நான் பேசிக்கறேன். நீ மருந்தை எடு."

குழந்தை அழாமல் இல்லை. அழுதது. ஆனால் யாரும் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுது, ஊசியை எடுப்பதற்குள் ஓய்ந்துவிட்டது.

பதினோரு மணிக்கு சிஸ்டர் ப்ராஜெக்டைக் கைடின் மேஜையில் வைத்தாள். அந்த வரி நீக்கப்பட்டிருந்தது. பதிலுக்கு, ரூல் எப்படி வந்தது, ஏன் மாற வேண்டும் என்று நாலு பக்கம், ஆய்வுகளின் பட்டியலோடு. கூடவே அந்த நோட்டுப் பக்கத்தின் நகல்.

கைடு நகலைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதை நம்பியா இத்தனை வருஷம் அத்தனை அம்மாக்களையும் வெளியே நிறுத்தினாங்க? யார் எழுதினது இது? பெரிய டாக்டரா?"

"இல்ல மேடம். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள் ஆன ஒரு நர்ஸ்."

"கீழே கையெழுத்து சரியா தெரியலையே. யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"கண்டுபிடிக்க வேண்டியதில்ல மேடம்," என்றாள் சிஸ்டர். "நான்தான்."