புதுப் புத்தக வாசனை

“இந்த வருஷம் போட்டிக்கு வந்த புத்தகங்களைப் பெட்டி கட்டி அனுப்பாம, இ-ரீடர்ல ஏத்திக் குடுத்துடலாமா?” விருதுக் குழுச் செயலாளர் மெல்லப் பேச்சை எடுத்தார்.

மூன்று நடுவர்களுக்கும் சுருக்கென்றது.

“தாளைப் புரட்டினாத்தான் எனக்குப் படிச்ச மாதிரி இருக்கும்,” என்றார் பேராசிரியர்.

“அந்த வாசனை வருமாய்யா அதுல? போன வருஷம் பெட்டியைப் பிரிச்சதும் வீடே மணத்துச்சு!” என்றார் கவிஞர்.

“நாப்பது புத்தகத்துலயும் ஓரத்துல பென்சில் குறிப்பு எழுதினேன். அதனாலதானே பரிசு சரியான ஆளுக்குப் போச்சு?” என்றார் விமர்சகர்.

“சரிங்க, பழையபடியே செஞ்சுடலாம்.”

கூட்டம் முடிந்ததும் செயலாளர் தன் அறைக்குப் போய், மேஜைக்கடியில் வழக்கம்போலக் காலை நீட்டினார். அங்கே கால் வைக்க வசதியாக, டேப் பிரியாத மூன்று பெட்டிகள் இருந்தன. போன வருஷம் நடுவர்களுக்கு அனுப்ப அவர் மறந்துபோனவை.