அவையில் வைக்கப்பட்ட பதில்

ஆற்றோரத்து அகதி முகாமுக்குப் பேருந்து உண்டா, பக்கத்துச் சாயப்பட்டறைக் கழிவை நிறுத்துவார்களா, அங்கிருப்பவர்களுக்குத் தஞ்சம் கிடைக்குமா என்று மங்கையர்க்கரசி எம்.எல்.ஏ. எழுத்து மூலம் கேட்டிருந்தார். மூன்று துறைகளின் மாண்புமிகு அமைச்சர்களும் ஒரே மாதிரி பதில் தந்தார்கள்: அப்படியொரு முகாமே இல்லை, ஆகவே மற்றக் கேள்விகள் எழவில்லை. யாரோ பழைய பதிலைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே, பதிலைத் திருத்தும்படி எழுதிப் போட்டார்.

இரண்டாம் நாள் முகாமில் வசிக்கும் ஈழத்துப் பெண் தவமலர் போனில் அழுதாள். ஓடிப்போய்ப் பார்த்தால், பாதிக் குடிசைகள் தரைமட்டம். பொக்லைன் மீதியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. குடைநிழலில் நின்ற துறைச் செயலாளர் பவ்யமாகக் கும்பிட்டார்.

“என்ன சார் இது?”

“திருத்தச் சொன்னீங்களேம்மா. அவையில வெச்ச பதில்ல கை வைக்க முடியுமா? அமைச்சர் பொய் சொன்னதா ஆயிடும், உரிமை மீறல்னு கிளம்பிடுவாங்க. அதான் முகாமைத் திருத்துறோம். சாயங்காலத்துக்குள்ள பதில் சரியாயிடும். நீங்க கேட்டதாலதான் இவ்வளவு வேகம்.”

மைக் இல்லாமலே சபையை அதிரவைக்கும் மங்கையர்க்கரசி, கைப்பையிலிருந்த பதில் தாளை எடுத்து மறுபடி படித்தார். சரிந்த கூரைக்கு அடியிலிருந்து சோற்றுப் பானையை இழுத்தெடுத்த தவமலர், புழுதியைத் தட்டிக்கொண்டு அருகில் வந்து, அவர் கையிலிருந்த பதில் தாளை எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, நாங்கள் எங்க இருக்கிறம் எண்டு இதில போட்டிருக்கினம்? சொன்னீங்களெண்டா அங்க போயிடுவம்.”