துடைத்த கண்ணாடி

"அந்த வட்டக் கண்ணாடி இன்னிக்கும் பளபளன்னு இருக்கும் பாரு. செத்த கப்பலுக்கு ஜன்னல் தொடைக்கிற பைத்தியம் நீ ஒருத்திதான், தூரிட்!" என்றான் ஐலிஃப்.

"நானா? நீதான் தொடைக்கிறன்னுல்ல நெனைச்சிட்டிருந்தேன்."

விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான். சிரித்தபடியே முதுகில் காற்றுக்குடுவையோடு படகிலிருந்து கடலுக்குள் மல்லாக்கச் சரிந்தான். நானும் இறங்கினேன்.

மலைகளுக்கு நடுவே புகுந்த கடல், மார்ச் மாதத்து ஃபியோர்டு. தண்ணீரின் குளிர் பல்லின் வேர்வரை ஏறியது.

போரில் மூழ்கிய சரக்குக் கப்பல். குளிர்காலத்தில் எங்கள் இருவரைத் தவிர அங்கே யாரும் இறங்குவதில்லை. இரும்பே தெரியாமல் வெள்ளைக் கடல் சாமந்திகள் மண்டிக் கிடந்தன. உடைந்த கம்பிகளுக்கிடையே காட் மீன்கள் அசையாமல் நின்றன.

மாலுமி அறையின் வட்டக் கண்ணாடி மட்டும் சுத்தமாக இருந்தது.

வெளிப்பக்கத்தை நத்தைகள் மேய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த அறைக்குள் இன்று போயே தீருவது என்பது ஐலிஃபின் பிடிவாதம். கதவிடுக்கில் ஒரு கிழட்டு ஓநாய்மீன் குடியிருக்கும். எவர் வந்தாலும் பல்லைக் காட்டும். இன்று அதைக் காணவில்லை. அவன் கட்டைவிரலால் கதவைக் காட்டிவிட்டு நகர்ந்தான்.

நான் கண்ணாடியில் விளக்கை அடித்தேன். ஓரத்தில் கொஞ்சம் சேறு. கையுறையால் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன்.

சேறு உட்பக்கம் இருந்தது.

நான் கையை எடுத்தேன். அதன்பிறகுதான் அது அழிந்தது. மேலிருந்து கீழாக, நிதானமாக, ஒரே இழுப்பில்.

திரும்பினேன். ஐலிஃப் இடுப்புவரை கதவுக்குள் போயிருந்தான்.

பாய்ந்துபோய் அவன் காலைப் பிடித்து இழுத்தேன். அவன் வெறிகொண்டவன்போல உதைத்தான். என் முகத்தில் உதைத்தான். சேறு கிளம்பி, என் கையே எனக்குத் தெரியவில்லை. நான் விடவில்லை. அவன் வெளியே வந்து என்னைத் தாண்டி எங்கோ பாய்ந்தது மட்டும் புரிந்தது.

நங்கூரக் கயிற்றருகேதான் மறுபடி அவனைக் கண்டேன். உடலின் அழுத்தம் தணிய நிற்கவேண்டிய ஆழத்தில் நின்று, மெல்ல மேலேறினோம். அவன் கயிற்றைக் கட்டிப்பிடித்திருந்தான்.

படகில் ஏறினோம். பிளாஸ்கைத் திறந்து காப்பியை ஊற்றிக் கொடுத்தேன்.

"தூரிட்," என்றான். "நீ எனக்கு முன்னாடியே உள்ள போய் நின்னு, வா வான்னு கை காட்டுன. அதான் வந்தேன். அப்ப பின்னாலேருந்து என் காலைப் புடிச்சது யாரு?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி கேட்பான்.