வயரா, டியூனரா

மதியச் சங்கு ஊதி ஓய்கிறது. நெட்டுக்குப்பத்தில் முத்தம்மா வீட்டுத் தரையில் உட்கார்ந்து, டிஷ் பெட்டியின் முதுகைத் துடைக்கிறான் மெக்கானிக் பீம்ராவ். அனல்மின் நிலையத்துச் சாம்பல் துணியில் கறுப்பாக இறங்குகிறது. கூரையிலிருந்து இரண்டு வயர்கள் பெட்டிக்கு வருகின்றன. இரண்டாவதில் சிக்னல் இல்லை. சீரியல் பதிவாகவில்லை என்று கம்பெனிக்குப் போன் செய்தவள் மகள் சினேகா. “சீரியல் பாக்காங்காட்டி செத்தா பூடுவா இவ?” என்கிறாள் முத்தம்மா. கடலுக்குப் போய்த் திரும்பாத மகன் உதயா சுவரில் மாலைக்குள் சிரிக்கிறான். மீன் செத்து ஒதுங்கிய நாளில் டிவிக்காரர்களிடம் அவன் பேசியதை, அவனே இந்தப் பெட்டியில் பதிவு செய்து வைத்தான். அவன் குரல் வேறெங்கும் இல்லை. பெட்டி கம்பெனியுடையது. உள்ளே சிக்னலைப் பிடிக்கும் டியூனர் பழுதென்றால் பீம்ராவ் பெட்டியையே எடுத்துப்போய்விட வேண்டும். மாற்றுப் பெட்டி அவன் பையில் இருக்கிறது. பழைய பதிவு அதில் ஓடாது. அவன் இரண்டு வயர்களையும் கழற்றி இடம் மாற்றிச் சொருகுகிறான். வயரில் கோளாறு என்றால் அதுவும் கூடவே இடம் மாறும். திரையில் முதல் சிக்னல் கோடு பச்சையாக நிறைகிறது. இரண்டாவது கோடு முன்போலவே காலியாக இருக்கிறது. கோளாறு இடம் மாறவில்லை. முத்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் திரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்க்கிறாள். முந்தானையால் பெட்டியின் மேல்பக்கத்தை மெல்லத் துடைக்கிறாள்.

“உப்புக் காத்துல வயருதான நைனா அரிச்சிகினு கீது?”