குறுந்தகட்டில் ஒரு வாயாடி

"'அழி'ன்னு சொல்லு. கோபமில்லாமச் சொல்லு."

"கோபமில்லாம எப்படிங்க 'அழி'ன்னு சொல்றது? நீங்களே சொல்லிக் காட்டுங்க, கத்துக்கறேன்."

கணவன் சிரித்தபடி மைக்கை அவள் வாய்க்கு இன்னும் கிட்டே நகர்த்தினான். தெருச் சத்தம் பதிவாகிவிடக் கூடாதென்று படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, கனத்த போர்வையும் தொங்கவிட்டாயிற்று. மின்விசிறிக்கும் விடுமுறை. அவளுக்கு முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

"அழி," என்றாள், பாகாய் உருகி.

"இது கொஞ்சறது. ஃபைலை அழிக்கச் சொல்றப்போ கொஞ்சுவியா, வாயாடி?"

கல்யாணமான புதிதில் அவன் வைத்த பெயர். அந்த வாய்க்கு இப்படியொரு வேலை வருமென்று யார் கண்டது? மாதாமாதம் குறுந்தகட்டோடு வரும் கணினிப் பத்திரிகை ஒன்று, வாசகர்கள் எழுதிய மென்பொருள்களை வாங்கி அந்தத் தகட்டில் சேர்த்து வெளியிடுகிறது. அதற்காக அவன் ஒரு வருஷமாக மெனக்கெட்டு எழுதியதுதான் இந்தப் பேசும் மென்பொருள். விசையைத் தட்டினால் எழுத்தைச் சொல்லும். கணினியில் எங்கே போனாலும், எதைத் திறந்தாலும் வாய்விட்டுச் சொல்லும், அவள் குரலில். குழந்தைகளுக்கு என்றான். திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. குழந்தைகள் எதற்கு ஃபைலை அழிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, இந்தக் காலத்துக் குழந்தைகளைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டான்.

போன தடவை அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. அவன் கணினியில் கிளி மாதிரி பேசியது, பத்திரிகை அலுவலகத்தில் ஊமையாகிவிட்டதாம். குரல் பதிவுகளை வேறொரு ஃபோல்டரில் விட்டுவிட்டு மென்பொருளை மட்டும் தகட்டில் ஏற்றியிருந்தான். அன்று அவன் சாப்பிடவே இல்லை. இன்று கடைசி நாள். இந்த இதழோடு வாசகர் பகுதியையே நிறுத்தப் போகிறார்கள்.

"பேர் வர்றதுக்கா இவ்வளவு தவிப்பு?"

"பேர் கிடக்கட்டும். வேணுங்கறவங்க கைக்குப் போய்ச் சேரணும்."

ஒருவழியாக அவனுக்குப் பிடித்த மாதிரி ஓர் 'அழி' பதிவானது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, வைரஸ் இருக்கிறதா என்று சோதித்து, தகட்டில் ஏற்றினான். நிறங்கள் சரியாக இருக்கின்றனவா என்று வழக்கம்போல அவளைத்தான் பார்க்கச் சொன்னான். உன் ரசனை எனக்கு வராது என்பான். இனி வேறொரு கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அது பத்திரிகையின் விதி. கீழ் வீட்டில் நாத்தனாரிடம் ஒரு கணினி இருந்தது. தகட்டோடு இறங்கினாள்.

நாத்தனார் அதைக் கையில் வாங்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். "என்ன அண்ணி, சாயங்காலம் வாக்கிங் போறப்போ எங்கண்ணன் உங்க கையை விடறதே இல்லையாமே. புதுசா கல்யாணம் ஆனவங்களான்னு மருந்துக் கடைக்காரர் கேக்கறார்."

"உங்கண்ணனுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு," என்றாள். காது மடல் வரை சூடேறியது.

உண்மைதான். முன்பெல்லாம் அவளை விட்டுவிட்டுப் பத்தடி முன்னால் போகிறவன். இப்போது ஸ்கூட்டரைத் தங்கை புருஷனிடமே கொடுத்துவிட்டு, தொப்பை குறையட்டும் என்று சொல்லி அவளோடு நடக்கிறான். இருட்டத் தொடங்கினால் பிடி இன்னும் இறுகும். அந்த இறுக்கத்தில் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

மென்பொருள் ஓடியது. தன் குரலைக் கேட்டு அவளே சிரித்தாள். ஆனால் 'அழி' வர வேண்டிய இடத்தில் சத்தமே இல்லை. மறுபடி தட்டினாலும் இல்லை. கடைசியாகப் பதிந்தது மட்டும் மாடியில் அவன் கணினியிலேயே தங்கிவிட்டது, அதே பழைய தப்பு. கூரியர் ஆபீஸ் மூடும் நேரம். தகட்டை உருவிக்கொண்டு படியில் தடதடவென்று ஏறினாள்.

கதவைத் திறக்கும்போதே உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. "அழி."

விட்டுப்போனதை அவனே கண்டுபிடித்துவிட்டான். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியில் ஒரு குறும்பும் வந்தது. பின்னாலிருந்து அவன் கண்ணைப் பொத்த வேண்டும் என்று பூனை போல் படுக்கையறைக்குள் நுழைந்தாள்.

மானிட்டர் அணைந்து கறுப்பாகக் கிடந்தது.

அவன் விரல்களோ விசைகளில் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தட்டலுக்கும் ஸ்பீக்கரிலிருந்து அவளே பதில் சொன்னாள். "கீழே. கீழே. நகல் எடு. ஆம். முடிந்தது."

வயர் கழன்றுவிட்டதோ என்று மெல்ல நடந்து மானிட்டருக்குப் பக்கத்தில், அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். கதவு வழியே வந்த மங்கிய வெளிச்சத்தில் அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தையே பார்த்தான். அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. கையை ஆட்டினாள். அப்போதும் மாறவில்லை.

"வந்துட்டியா வாயாடி? படியில சத்தம் கேட்டுதே," என்று அவன் ஆளில்லாத வாசல் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான். "விட்டுப்போனதைச் சேர்த்துட்டேன். வா, கை கோத்துக்கிட்டு கூரியர் ஆபீஸ் வரைக்கும் நடந்துட்டு வரலாம்."