கோட்டுக்குள்ளே அடிங்க

மன அழுத்தத்துக்கு மாத்திரையெல்லாம் வேண்டாம், தினமும் படப் புத்தகத்தில் ஒரு பக்கம் கலர் அடித்தால் பிரஷர் தானாக இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், பெயின்டருக்குப் பிடித்தது சனி.

பகலெல்லாம் ஏணியில் தொங்கிச் சுவருக்கு அடித்துவிட்டு வந்து, சாயங்காலம் கலர் பென்சிலும் கையுமாக உட்கார வேண்டும். எதிரே மனைவி.

"மயிலுக்கு யாராவது காவி அடிப்பாங்களா?"

"நீலம் தீந்துபோச்சு."

"கோட்டைத் தாண்டுது பாருங்க! இந்த லட்சணத்துலதான் ஊரான் வீட்டுக்கெல்லாம் அடிக்கிறீங்களா? வாலை அழிச்சிட்டு மறுபடி அடிங்க."

பெயின்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தார். வாலோடு தாளும் கிழிந்தது. அதற்குத் தனி அர்ச்சனை.

மாதம் முடிந்ததும் இருவரும் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் பிரஷர் பட்டையைக் கையில் சுற்றி, காற்றடித்துப் பார்த்து அசந்துபோனார்.

"சுத்தமா நார்மல்! கலர் அடிச்சதுல மனசு லேசாச்சாம்மா?"

"பஞ்சாயிடுச்சு டாக்டர்" என்றாள் மனைவி, பட்டையிலிருந்து கையை உருவிக்கொண்டே. "ஆனா நான் எங்க அடிச்சேன்? வீட்டுலயே ஒரு பெயின்டரை வச்சுக்கிட்டு? அவர் அடிச்சார், நான் உக்காந்து குத்தம் சொன்னேன்."

டாக்டர் பட்டையைப் பெயின்டரின் கையில் சுற்றினார். முள் எகிறியது.

"ஐயையோ, உங்களுக்கு எக்கச்சக்கமா இருக்கே! நீங்களும் தினம் ஒரு பக்கம் கலர் அடிக்கணும்."

"அதுக்கென்ன டாக்டர்" என்றாள் மனைவி. "நாளையிலேருந்து ரெண்டு பக்கமா அடிக்க வச்சிடுறேன்."