கதம்பம் யாரோட ஆளு?

“நிமிர்ந்து நில்லு! திருட்டு முழி முழிக்காதே!” என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

“அதுக்குத்தானே சார் கூப்பிட்டீங்க?” என்றான் கதம்பம், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு. “சாட்சியைக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க. சாயங்காலம் பொண்ணோட அம்மா என் வீட்டுக்கு வர்றாங்க.”

வரிசையில் இன்னும் சில பேர் நின்றார்கள். அதில் ஒருவன்தான் சந்தேகத்தின் பேரில் பிடித்து வந்தவன், மற்றவர்கள் ஒப்புக்கு நிற்பவர்கள். ஒப்புக்கு நிற்பதில் கதம்பத்தை விடச் சீனியர் அந்த ஸ்டேஷனில் யாரும் கிடையாது.

ஸ்டேஷனுக்கு எதிர் வரிசையில்தான் அவனுடைய பூட்டு சாவிக் கடை. சாட்சி சொல்வது எந்த இனத்துத் திருடனாக இருந்தாலும், கான்ஸ்டபிள் ரோட்டைத் தாண்டி வந்து அவன் தோளைத்தான் தட்டுவார். எந்த வரிசையில் நிறுத்தினாலும் ஒட்டிக்கொள்கிற முகம் அது. அந்த முகத்துக்கு ஸ்டேஷன்காரர்கள் வைத்த பெயர்தான் கதம்பம்.

அவனைக் கைக்குழந்தையாக யாரோ ஒரு காப்பகத்து வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். “கண்ணு ஒரு நாட்டுது, மூக்கு இன்னொரு நாட்டுது, முடிக்கு இன்னும் விசாவே கிடைக்கலை” என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அடுத்தவன் சிரிப்பதற்குள் முந்திக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருந்தது.

கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பாஷையில் உரிமையாகப் பேச்சைத் தொடங்குவார்கள். அவன் பேந்தப் பேந்த விழிப்பதைக் கண்டதும் உரிமை வடிந்துவிடும்.

“எந்த ஊரு?”

“இந்த ஊருதாங்க.”

“அது சரி, நிஜமா எந்த ஊரு?”

ஊரில் உள்ள பூட்டுக்கெல்லாம் சாவி போடுகிறவன், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் கையைப் பிசைவான்.

அவன் கட்டிக்கொள்ள நினைத்த பெண் அதைக் கேட்கவே இல்லை. அவள் அம்மாதான் ஒற்றைக் காலில் நின்றாள். “பையன் தங்கமாவே இருக்கட்டும். என்ன இனம், அவன் ஆளுங்க யாரு? வீட்டுக்குப் போய் நானே பார்க்காம சம்மதம் சொல்ல மாட்டேன்.” இன்றைக்கு அந்தப் பரீட்சை. தேறாவிட்டால் கல்யாணம் அம்போ.

கதவு திறந்தது. மெயின் ரோட்டு போட்டோ ஸ்டூடியோக்காரர் உள்ளே வந்தார்.

“என்ன நடந்துச்சு, மறுபடியும் சொல்லுங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

“காலங்காத்தால கடையைத் திறக்க வந்தேன் சார். ஒருத்தன் கையில ஃபிரேமோட சந்துல திரும்பினான். முகத்துல ஒரு பக்கம்தான் தெரிஞ்சுது. பதறிப்போய்ப் பார்த்தா பூட்டு பூட்டினபடி, கேமரா வச்சபடி. ஷோகேஸ்ல மாட்டியிருந்த ஒரு பழைய படத்தை மட்டும் காணோம்!”

“பழைய படத்தையா? யாரு படம்?”

“யாருக்குத் தெரியும்? போட்டோ எடுத்துக்கிட்டவங்க அதை வாங்க வரவே இல்லை. நல்லா வந்திருக்கேன்னு நான்தான் மாட்டி வச்சிருந்தேன்.”

கான்ஸ்டபிள் கொட்டாவியை மென்றார். ஸ்டூடியோக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கதம்பத்தின் முன்னால் வந்ததும் கால் நின்றது. இப்படிச் சாய்ந்து பார்த்தார், அப்படிச் சாய்ந்து பார்த்தார்.

“இவன்தான் சார்!”

ஸ்டேஷனே குலுங்கிச் சிரித்தது. சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவன்கூடச் சிரித்தான்.

“ஐயா, போன தடவை ஒரு அம்மா, சங்கிலியை அறுத்ததும் இவன்தான்னாங்க. அந்த நேரத்துல இவன் என் ரூம்ல உட்கார்ந்து பீரோவைத் திறந்துக்கிட்டிருந்தான்” என்றார் இன்ஸ்பெக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “யாரைத் தேடினாலும் இவன் மூஞ்சியிலதான் வந்து முட்டுவாங்க. விடுங்க, இவன் நம்ம ஆளு!”

நம்ம ஆளு. ஜென்மத்தில் முதல் தடவையாக ஒருவர் கதம்பத்தை அப்படிச் சொல்கிறார். அதுவும் போய்ப் போய் ஒரு போலீஸ்காரர்.

ஸ்டூடியோக்காரர் அசடு வழிந்தார். “தப்பா நினைக்காதீங்க தம்பி. இந்த முகத்தை எங்கேயோ தினமும் பார்த்த மாதிரியே இருந்துச்சு.”

“எல்லாரும் அதையேதான் சார் சொல்றாங்க. எங்கேன்னு ஒருத்தராவது சொன்னாப் புண்ணியமாப் போகும்!”

மறுபடியும் சிரிப்பு. பிடித்து வந்தவனையும் போகச் சொல்லிவிட்டார்கள். “ஓடுடா, மாமியார் காத்திருக்கப் போறாங்க” என்று கான்ஸ்டபிள் அவன் முதுகில் தட்டி அனுப்பினார்.

வீட்டுக்கு ஓடி, முகம் கழுவி, படியாத முடியைத் தண்ணீர் தெளித்துப் படிய வைப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். பெண்ணின் அம்மா தனியாகத்தான் வந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

அவன் கண்ணைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். பார்வை முடிக்கு ஏறியது. விசா ஜோக்கை எடுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தான் கதம்பம்.

அதற்குள் அவள் மெல்ல நகர்ந்து, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஃபிரேமின் முன்னால் போய் நின்றாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் இறுக்கம் தளர்ந்தது.

“குடும்பப் படமா? அடடே, அச்சு அசல் உங்க அப்பா ஜாடை தம்பி உங்களுக்கு!”